புவிக்கம்பி: ஒற்றை இழையா, பல இழையா?

வீட்டு மின்சுற்றில் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என மூன்று கம்பிகள் இருப்பதைக் கற்றுள்ளீர்கள். சாதாரண வேளைகளில் புவிக்கம்பியில் மின்னோட்டம் பாய்வதில்லை. மின்னழுத்தி போன்ற ஒன்றின் உலோக உறையை உயிர்க்கம்பி தொட்டுவிடும்போது மாத்திரமே அது தொழிற்படும். பச்சை நிறத்தில் மஞ்சட் கோடுடைய இக்கம்பி ஒற்றை இழையாக இருக்க வேண்டுமா, பல இழைகளாலானதாக இருக்க வேண்டுமா?

முதலில் தடையை நோக்குவோம். "7/0.67" எனப்படும் கம்பியில் 0.67 மி.மீ. விட்டமுள்ள 7 செப்பு இழைகள் உள்ளன. மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர மி.மீ. "1/1.78" எனும் ஒற்றை இழைக் கம்பியின் பரப்பும் ஏறத்தாழ அதுவே. கணித்துப் பாருங்கள்.

தடை = தடைத்திறன் × நீளம் ÷ குறுக்குவெட்டுப் பரப்பு

ஆகவே நீளம் ஒன்றாயின் இரண்டின் தடையும் சமன். செப்பின் தடைத்திறனை 1.7 × 10⁻⁸ ஓம் மீற்றர் எனக் கொண்டால் 20 மீற்றருக்கு 0.136 ஓம் கிடைக்கும். "பல இழையில் மின் கூடுதலாகப் பாயும்" என எழுதும் மாணவர் பலர், அது தவறு.

வேறுபாடு வளைதலிலும் அரிப்பிலுமே உள்ளது. மின்னழுத்தியின் வடம் நாளாந்தம் வளைகிறது. ஒற்றை இழையாயின் சில காலத்தில் முறிந்துவிடும். எனவே அங்கு மெல்லிய பல இழைகளே வேண்டும். சுவரினுள் அசையாதிருக்கும் கம்பிக்கு இரண்டும் பொருந்தும்.

இனி வாகரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே களப்பு. காற்றில் எப்போதும் உப்பு. வெறுமையான பல இழைக் கம்பியின் இழைகளுக்கிடையே உப்பீரம் புகுந்து தங்கும். செப்பில் பச்சைக் களிம்பு படிந்து, மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அற்றுப்போகும். எனவே வெளியே, நிலத்திலுள்ள கோலுக்குச் செல்லும் பகுதிக்குத் தடித்த இழைகளும் மூடிய இணைப்பும் நன்று. செப்புக் கம்பியை இரும்புக் குழாயில் கட்டினால், உப்பீரத்தில் இரும்பே விரைவாக அரிக்கப்படும். தாக்கவீதத் தொடரை நினைவுகூருங்கள்.

ஆனால் உயிரைக் காப்பது கம்பியின் வகை மட்டுமன்று. காய்ந்த கடற்கரை மணல் மின்னை எளிதிற் கடத்தாது. கோல் ஈரமண் வரை இறங்க வேண்டும். கோலுக்கும் நிலத்துக்குமிடையே தடை 50 ஓம் எனக் கொள்வோம். அப்போது பழுதின்போது பாயும் மின்னோட்டம் 230 ÷ 50 = 4.6 அம்பியர். 13 அம்பியர் உருகி இதற்கு உருகாது. 16 அம்பியர் சுற்றுடைப்பானும் இயங்காது. உறையோ தொடுபவரைக் கொல்லக்கூடிய அழுத்தத்திலேயே நிற்கும்! கம்பியின் 0.136 ஓம் இங்கு ஒரு பொருட்டே அல்ல. இதனாலேயே 30 மில்லி அம்பியர் கசிவிலேயே இயங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான், அதாவது பேச்சுவழக்கில் "ட்ரிப் சுவிச்", அவசியமாகிறது.

பயிற்சி: நிலத்தடை 10 ஓம் எனின் மின்னோட்டம் எவ்வளவு? 16 அம்பியர் சுற்றுடைப்பான் உடனே இயங்குமா?
(விடை: 23 அம்பியர், உடனே இயங்காது.)