தோல்வழி நுழையும் நஞ்சு

புல்மருந்து வாய்வழிச் சென்றால் மட்டுமே தீங்கு எனப் பலர் கருதுகின்றனர். நம் தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதுவே நமக்கு வேலி. 2020ஆம் ஆண்டில் மலேசியா தடைசெய்த பாராகுவாட், நீரில் கரைவது. ஆதலின் பழுதற்ற தோலில் சிறிதளவே ஊடுருவும். ஆயின், பால்வெட்டுக் கத்தி கீறிய விரலிலும், அட்டை கடித்துச் சொறிந்த காலிலும் அவ்வேலி ஏது? ஒழுகும் தெளிப்பான் முதுகை நெடுநேரம் நனைத்தால், அம்மருந்தே தோலைப் புண்ணாக்கி வழி திறந்துகொள்ளும். பின் நுரையீரலைக் கெடுக்கும். எண்ணெயில் எளிதில் கரையும் பூச்சிமருந்துகள் பலவற்றிற்கோ புண்ணும் வேண்டியதில்லை.

கருவிழிக்கு அப்படலமே கிடையாது. மருந்து தெறித்தால் கண்ணைக் கசக்காது, இமையை விரித்துப் பிடித்துத் தூய நீரால் 15 நிமிடமேனும் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நனைந்த சட்டையை வேலையிடத்திலேயே களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவுங்கள். அதனுடனேயே வீடு திரும்பிக் குழந்தையைத் தூக்குவோரையும் நாம் கண்டிருக்கிறோம்.