அங்கன்வாடிக்குத் தேவை இன்னொருவர்: ஆய்வு சொல்வதும் தில்லி செய்வதும்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் அங்கன்வாடி குறித்துக் கேள்வி எழும்போது, பெரும்பாலும் பணியாளர்களின் ஊதியம் பற்றியே உறுப்பினர்கள் கேட்கின்றனர். அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், மதிப்பூதியம் பெறுபவர்கள் என்பதே அரசின் வழக்கமான பதில். மத்திய அரசு நிர்ணயித்த அந்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் மாதம் ரூ.3,000-லிருந்து ரூ.4,500 ஆக உயர்ந்தது. ஊதியக் கேள்வி நியாயமானதே. ஆனால், அந்த ஒருவரால் எவ்வளவு வேலைதான் செய்ய முடியும் என்ற கேள்வி அவையில் அரிதாகவே எழுகிறது.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கற்பித்தல், எடை பார்த்தல், சத்துணவு வழங்கல், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்லுதல், தடுப்பூசிக்கு அழைத்து வருதல், பதிவேடுகளை நிரப்புதல் என எல்லாம் அவர் பொறுப்பு. 2021 முதல் செல்போன் செயலியிலும் விவரங்களைப் பதிய வேண்டும். சமையலுக்கு உதவியாளர் உண்டு, பாடத்துக்கு இல்லை.

இதற்கான விடையைத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு தந்துள்ளது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 640 அங்கன்வாடிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினர். கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் கணிதத்திலும் மொழியிலும் அம்மையக் குழந்தைகள் முன்னேறியிருந்தனர். கற்பிக்கும் சுமை குறைந்ததால் பழைய பணியாளர் ஊட்டச்சத்து, சுகாதாரப் பணிகளில் கூடுதல் நேரம் செலவிட்டார். மையத்தில் தொடர்ந்த குழந்தைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. செலவைவிடப் பயன் பல மடங்கு என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

தில்லி தேர்ந்தெடுத்த வழி வேறு. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட 'போஷண் பீ, படாயி பீ' திட்டம், இருக்கும் பணியாளருக்கே கற்பித்தல் பயிற்சி அளிக்கிறது. பயிற்சி தேவைதான். ஆனால் நேரமில்லாதவருக்குப் பயிற்சியால் நேரம் கிடைத்துவிடாது.

புள்ளிவிவரங்கள் தாமதமாக வருவதும் ஒரு காரணம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2005-06க்குப் பிறகு 2015-16இல்தான் நடந்தது. 2006இல் பிறந்த குழந்தை அதற்குள் நான்காம் வகுப்பை எட்டியிருக்கும்! 2019-21 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். முந்தைய ஆய்வில் இது 38.4 சதவீதம். ரத்தசோகையோ 58.6 சதவீதத்திலிருந்து 67.1 ஆக உயர்ந்துவிட்டது.

1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுவதும் 14 லட்சம் மையங்கள் வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே எண்ணிக்கை வேகமாகக் கூடியது. கட்டடங்களுக்கு நீதிமன்றம் வழிகாட்டியது. ஆள்களுக்கு நிதி அமைச்சகம்தான் இசைய வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் செலவுப் பகிர்வு 60:40. மத்திய அரசின் விகிதத்துக்கு மேல் மதிப்பூதியம் தரும் மாநிலங்கள் அந்தக் கூடுதல் தொகையைத் தாமே ஏற்கின்றன. இரண்டாவது பணியாளரின் ஊதியமும் அப்படியே தங்கள் தலையில் விழுமா என்பதே மாநிலங்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வியாக இருக்கும்.