மலை இரயிலில் நம் பண்பு

கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் உதகைக்குச் செல்கின்றன. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இரயில் இது. 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் சிறு பெட்டியில் அயலாரோடு நெருங்கி அமர்கிறோம். நம் கிறிஸ்தவப் பண்பு அங்கே வெளிப்படவேண்டாமா?

சன்னலோர இடத்தைப் பிறர் குழந்தைகளுக்கும் சற்று விட்டுக்கொடுப்போம். வழியில் 16 குகைகள் உள்ளமையால் தலையையோ கையையோ வெளியே நீட்டலாகாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதும், குப்பையைக் காட்டில் வீசுவதும் படைப்பை இகழ்வதாகும்.

கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டப் பாதை. அங்கே எஞ்சின் பின்னின்று தள்ள, பெட்டிகளின் முகப்பில் பிரேக் ஊழியர்கள் மழையிலும் குளிரிலும் நிற்கின்றனர். அவர்களது விழிப்பே நமக்குக் காவல். இறங்கும்போது ஒரு நன்றி கூறுவோம்.

இனி, இனாம் பற்றி ஒரு சொல். இடம் பிடிப்பதற்காக ஊழியர் கையில் திணிக்கும் பணம் இனாம் அன்று, இலஞ்சமே. ஆனால் சுமை தூக்குபவருக்குப் பேசிய கூலியைக் குறையாமல் கொடுப்பது நம் கடமை. விடுதியில் நம் அறையைத் துப்புரவு செய்யும் சகோதரிக்கு, புறப்படும்போது நம்மால் இயன்றதை முகமலர்ச்சியோடு அளிப்போம். ஏழையிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசை ஞாயிறு திருப்பலியில் காணிக்கையாக இட்டால், இறைவன் மகிழ்வாரா? நம் பிள்ளைகள் மலையை மட்டுமன்று, நம்மையும் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.