மழைக்கால ஈற்றுக்குப் படுதாக் கூடாரம்

வைகாசியில் சினைபிடித்த ஆடுகள் ஐப்பசியில் குட்டி போடுகின்றன. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் அதே சமயம்தான். கொறங்காட்டில் திறந்த பட்டியில் அடைபடும் மேச்சேரி ஆடுகளுக்கு மழை நனைந்தாலும் தாங்கும். ஆனால் அன்று பிறந்த குட்டி நனைந்து வாடைக் காற்றும் பட்டால் விடிவதற்குள் விறைத்து இறந்துவிடும். நிலையான கொட்டகை இல்லாதவர்கள் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடிப் படுதா ஒன்று வைத்திருந்தால் எட்டுத் தாயாடுகளையும் குட்டிகளையும் காப்பாற்றலாம்.

மேட்டு நிலமாகப் பாருங்கள். வெள்வேல மரத்தடி நிழலுக்கு நல்லது, மழைக்கு ஆகாது. இடி விழும் பயம் உண்டு. மழை விட்ட பிறகும் மரம் சொட்டிக்கொண்டேயிருக்கும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே கட்ட நேர்ந்தால் வேலையின் வரிசை முக்கியம். பன்னிரண்டு அடி இடைவெளியில் ஐந்தரை அடி உயரத்துக்கு இரண்டு கால்களை நட்டு, முகட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டவும். படுதாவைத் தரையில் விரிக்காமல், மடித்தபடியே தூக்கிக் கயிற்றின்மேல் போட்டு இருபுறமும் அவிழ்த்துவிடவும். அப்போதுதான் உட்புறம் நனையாது. முகடு வடகிழக்கு தென்மேற்காக அமையட்டும். வடகிழக்கு வாயைச் சாக்கால் அடைத்து, எதிர்வாயைத் திறந்தே விடவும். எல்லாப் பக்கமும் மூடினால் மூத்திர நெடியும் ஈரமும் தங்கிக் குட்டிகளுக்குச் சளி பிடிக்கும். பக்க ஓரங்களும் தரையிலிருந்து ஓர் அடி உயர்ந்திருப்பது நல்லது.

முளைகளைத் தலை வெளிப்புறம் சாயும்படி அடிக்க வேண்டும். செம்மண் சரளையில் ஒன்றரை அடி முளை போதும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் நனைந்தால் பிடிப்பு விட்டுவிடும். அங்கே மண் நிரப்பிய சாக்குகளில் கட்டுவதே மேல். சணல், பருத்திக் கயிறுகள் நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். ஆகவே சற்றுத் தளர்வாக விடவும். நைலான் கயிறு இதற்கு நேர்மாறாக நெகிழும். இரவில் ஒருமுறை எழுந்து இறுக்கவும். படுதாவின் கண் கிழிந்திருந்தால் மூலையில் கூழாங்கல்லை வைத்துச் சுற்றிக் கட்டினால் பிடித்துக்கொள்ளும். திருப்பூர் பனியன் துணிக்கீற்றைக் கயிறாக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பின்னலாடைத் துணி இழுபடும் தன்மையுடையது, காற்றுக்கு நிற்காது. குட்டியின் மூக்கையும் உடலையும் துடைக்க அதைவிடச் சிறந்தது வேறில்லை. துடைத்த துணியை உள்ளே விட்டுவிடாதீர்கள். ஆடு தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

கூடாரம் நின்றதும் சுற்றிலும் அரையடி ஆழ வாய்க்கால் வெட்டி, பள்ளத்துப் பக்கம் வடித்துவிடவும். உள்ளே சரளை கொட்டி, அதன்மேல் காய்ந்த சோளத்தட்டு பரப்பலாம். தட்டை மழைக்கு முன்பே எடுத்து வைக்காவிட்டால் அந்த நேரத்தில் கிடைக்காது.

பருத்திப் படுதாவானால் நனைந்த பின் உள்ளிருந்து ஆடுகள் உரசாமல் ஓரத்தில் தட்டி கட்டுங்கள். உரசிய இடத்தில் ஒழுகும். மழை ஓய்ந்ததும் வெயிலில் நன்றாகக் காயவைத்தே மடிக்க வேண்டும்.