அறுபதில் அரிச்சுவடி!

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது பக்கத்து சீட் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். “ரிட்டயர் ஆயாச்சு. இனிமே என்னத்தைக் கத்துக்கறது சார்? மூளை மழுங்கிப் போச்சு!” பாங்க் பாரம் நிரப்பக்கூட மகனை எதிர்பார்க்கும் அப்பா, “எனக்கு யாரும் சொல்லித் தரலை” என்று அலுத்துக்கொள்ளும் அம்மா... உங்கள் வீட்டிலும் உண்டுதானே?

இதே திருச்சியில், யாரும் சொல்லித்தர வராதபோது தானே தேடிப் போன ஒருவர் இருந்தார். 1815-ல் பிறந்த மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ் சொல்லிக் கொடுத்த தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். வீட்டில் வசதி கிடையாது. நினைத்தவுடன் கடையில் புத்தகம் வாங்கும் காலமும் அல்ல. ஏட்டுச்சுவடி வைத்திருப்பவரை நயந்து, இரவல் வாங்கிப் பிரதி எடுக்க வேண்டும்.

அவருக்குத் தண்டியலங்காரம் படிக்க ஆசை. பாடம் சொல்ல அகப்பட்டவர் யார் தெரியுமா? வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிட்ட ஒரு பரதேசி! பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை. அவர் மனம் கோணாமல் நடந்து பாடம் கேட்டுவிட்டார். இதைத் தம் ஆசிரியரின் சரித்திரத்தில் எழுதி வைத்தவர் உ.வே.சாமிநாதையர். நாமோ, “இதை எப்படிடா அனுப்பறது?” என்று சொந்தப் பேரனிடம் கேட்கவே கூச்சப்படுகிறோம். வயசைவிட இந்தக் கூச்சம்தான் பெரிய இடைஞ்சல் என்பேன்.

சரி, மூளை நிஜமாகவே மழுங்கிவிடுமா? லண்டனில் டாக்ஸி லைசென்ஸ் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யவேண்டும். மூன்று, நான்கு வருஷப் படிப்பு. அப்படிப் படித்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. பாஸானவர்களுக்கு, ஞாபகத்துக்கான ‘ஹிப்போகாம்பஸ்’ பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது! எல்லோரும் வளர்ந்த ஆட்கள்தான்.

படிப்பு மட்டும் மறதி நோயைத் தடுத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இளமையில் கல்விக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, உடலசைவின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. கவனிக்காமல் விட்ட காது மந்தமும் பார்வைக் குறைவும்கூட!

ஆகவே வீணையோ, இந்தியோ, செல்போனில் கரண்ட் பில் கட்டுவதோ, கொஞ்சம் கஷ்டப்படுத்துகிற ஒன்றைப் பிடியுங்கள். தினம் அரைமணி போதும். இன்னொருவரோடு சேர்ந்து படித்தால் பேச்சுத் துணையும் ஆச்சு. அதற்குமுன் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் எந்தப் பாடமும் ஏறாது.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம். பழகின தெருவிலேயே வழி தவறினால், சமையலின் வரிசை குழம்பினால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். பி12 சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோகூட இப்படி ஆவதுண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.