திறந்தவெளி விளையாட்டரங்கில் நிழல்

திறந்தவெளி விளையாட்டரங்கில் நிழல் என்பது, கூரை இல்லாத அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் கூரையுள்ள அரங்கில் எந்தப் பக்கத்து இருக்கைகளில் எந்த நேரத்தில் வெயில் படாது என்பதைக் குறிக்கும். கூரை, மரம், சுவர், மலை ஆகியவை நிழல் தந்தாலும், அது விழும் இடத்தைத் தீர்மானிப்பது சூரியனின் நிலையே. ஆகவே ஊரின் அட்சக்கோடு, மாதம், நேரம் ஆகிய மூன்றையும் அறிந்தால் நிழல் இருக்கையை முன்கூட்டியே கணித்துவிடலாம். இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிப்புத்தூர் ஆகிய ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது.

சூரியனின் பாதை

இவ்விரு ஊர்களும் ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சக்கோட்டில் உள்ளன. இது கடகக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், ஆண்டில் இரு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. முதல் முறை சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14 அளவில். இரண்டாம் முறை ஆகஸ்ட் 28 அளவில். அந்நாள்களின் நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இராது. இதனை நிழலில்லா நாள் என்பர்.

இந்த இரு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சூரியன் நாள் முழுவதும் வடக்குச் சாய்வாகவே செல்கிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் அது உச்சியிலிருந்து சுமார் 14 பாகை வடக்கே நிற்கும். நிழல் தெற்கு நோக்கி விழும். செப்டம்பர் இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை இது தலைகீழாகும். டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே நிற்கும். நிழல் வடக்கே விழும்.

கடகக் கோட்டுக்கு வடக்கேயுள்ள நாடுகளில் நண்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்தே வரும். ஆகவே அந்நாடுகளுக்காக எழுதப்பட்ட இருக்கை வழிகாட்டிகளைத் தென் தமிழகத்துக்கு அப்படியே பொருத்தினால், கோடை மாதங்களில் கணிப்பு தவறிவிடும்.

கடிகாரமும் உச்சிப் பொழுதும்

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. இராசபாளையம் அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், இங்கு உச்சிப் பொழுது சராசரியாக 12.20 மணிக்கு வருகிறது. மாதத்தைப் பொறுத்து இது 12.03 முதல் 12.34 வரை மாறும். பிற்பகல் ஆட்டத்துக்குச் செல்வோர் இந்த 20 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் அமர்வது

பிற்பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்க இருக்கைகளே ஏற்றவை. அங்கு அமர்பவர் கிழக்கு நோக்கி இருப்பார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கும். கிழக்குப் பக்கத்தில் அமர்பவருக்கு மாலை முழுவதும் முகத்தில் வெயிலடிக்கும். கூரை இருந்தாலும் சாய்ந்த கதிர் கூரைக்குக் கீழே நுழைந்துவிடும். காலை ஆட்டத்துக்கு இது மாறி, கிழக்குப் பக்கம் நல்லதாகும்.

மாதத்தைப் பொறுத்து இதில் ஒரு திருத்தம் உண்டு. மே, ஜூன், ஜூலை மாதப் பிற்பகல்களில் வடமேற்கு மூலையும், பொங்கலை ஒட்டிய போட்டிகளில் தென்மேற்கு மூலையும் கூடுதல் நிழல் தரும். ஜூன் இறுதியில் சூரியன் நேர் மேற்குக்கு 24 பாகை வடக்கேயும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கேயும் மறைவதே காரணம்.

நிழலின் நீளம்

மேற்குப் பக்கத்தில் 6 மீட்டர் உயரச் சுவர் இருப்பதாகக் கொள்வோம். ஏப்ரல் நடுவில் பிற்பகல் 3.30 மணிக்கு அதன் நிழல் சுமார் 6.5 மீட்டர் நீளும். 4.30 மணிக்கு 11 மீட்டர், 5.30 மணிக்கு 24 மீட்டர். ஆகவே மேல் வரிசைகளுக்கு முதலில் நிழல் வரும், கீழ் வரிசைகளுக்குப் பின்னரே வரும். ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கினால் மேற்குப் பக்கத்தின் மேல் வரிசையைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.

கருவி இல்லாமலும் இதை அறியலாம். ஒருவரின் நிழல் அவர் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் உள்ளது. ஏப்ரல் நடுவில் இந்த ஊர்களில் அது காலை 9.20 அளவிலும் பிற்பகல் 3.20 அளவிலும் நிகழும். கையை முழுதாக நீட்டி முட்டி மடக்கினால், அந்த முட்டியின் உயரம் வானில் ஏறத்தாழ 10 பாகை. மாலையில் அது 40 நிமிடச் சூரிய இறக்கத்துக்குச் சமம்.

மலையின் நிழல்

இராசபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. மலைமுகடு அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் தெரியும் ஒரு மைதானத்தில், நாட்காட்டி காட்டும் மறைவு நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலையடிவாரத்தை நெருங்க நெருங்க இந்த இடைவெளி கூடும்.

தேரோட்டத்திலும் இதே கணக்கு

திருவில்லிப்புத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் காண வருவோருக்கும் இது பொருந்தும். தெற்கு வடக்காகச் செல்லும் வீதியில் காலை நேரத்தில் கிழக்கு வரிசை வீடுகளின் ஓரத்தில் நிழல் இருக்கும். கிழக்கு மேற்காகச் செல்லும் வீதியில், ஆடி மாத நண்பகலில் வடக்கு வரிசை வீடுகளின் ஓரத்தில் மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிழல் ஒட்டிக்கிடக்கும். மார்கழியில் அதே வீதியில் நிழல் தெற்கு வரிசை ஓரத்துக்கு மாறிவிடும்.

அரங்க அமைப்பும் திசையும்

ஆட்டக்காரரின் கண்ணில் வெயில் படாமலிருக்கவே பல ஆடுகளங்களுக்குத் திசை வகுக்கப்படுகிறது. கிரிக்கெட் ஆடுகளம் பொதுவாகத் தெற்கு வடக்காக அமையும். நியூசிலாந்தின் நேப்பியர் ஆடுகளம் கிழக்கு மேற்காக அமைந்தது. 2019 ஜனவரியில் இந்தியாவுடனான ஒருநாள் ஆட்டம் அங்கு மாலை வெயிலால் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. பேஸ்பால் விதிநூல், மட்டையாளர் நிற்கும் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்குச் செல்லும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது விரும்பத்தக்கது என்கிறது. அவ்வாறு அமைந்த அரங்கில், மட்டையாளருக்குப் பின்னாலும் மூன்றாம் தளத்தின் பக்கமும் உள்ள இருக்கைகளுக்கு மாலை நிழல் முதலில் கிடைக்கும்.

சென்னை சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கு 2011 உலகக் கோப்பையை ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டபோது, புதிய பார்வையாளர் பகுதிகளுக்கு இழுத்துக் கட்டிய மென்படலக் கூரை போடப்பட்டது. ஸ்பெயின் நாட்டுக் காளைப்போர் அரங்குகளில் வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று பிரித்து, நிழலுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது வழக்கம்.

நிழலின் தரம்

எல்லா நிழலும் ஒன்றல்ல. தகரக் கூரை சூடேறி, கீழே அமர்பவர் மீது வெப்பத்தை உமிழும். தென்னங்கீற்றுப் பந்தலில் இந்தத் தொல்லை குறைவு. வேம்பு, புங்கை போன்ற மரங்கள் இலை வழியாக நீரை ஆவியாக்குவதால் அவற்றின் அடியில் இன்னும் குளுமை இருக்கும். நாள் முழுதும் வெயில் வாங்கிய சிமெண்டுப் படிக்கட்டு, நிழல் வந்த பிறகும் நெடுநேரம் சுடும்.

நலமும் நியாயமும்

நீண்ட நேர வெயில் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். கடுமையான வெப்பத் தாக்கம் உயிருக்கே ஆபத்தாகும். முதியோரும் குழந்தைகளும் எளிதில் பாதிக்கப்படுவர். தடுமாறிப் பேசுதல், நினைவிழத்தல் போன்ற அறிகுறி தோன்றினால் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் குளிர்வித்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

பள்ளி விளையாட்டு விழாக்களில் இக்கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பிற்பகல் விழாவுக்கு மேடையை மேற்கில் அமைத்தால் விருந்தினருக்குப் பந்தலும் நிழலும் சேர்ந்து கிடைக்கும். எதிரே தரையில் அமரும் மாணவர் மாலை வரை வெயிலைப் பார்த்தபடி இருப்பர். பந்தல் போட்ட மேடையைக் கிழக்கே வைத்து, மாணவரை மேற்கு ஓர மரநிழலில் அமர்த்தினால் செலவு கூடாது. முந்தைய நாள் அதே நேரத்தில் மைதானத்துக்குச் சென்று, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டால் போதும்.