கல்லுங் கரையும்

நிலையாமைக்கு நீர்க்குமிழியையும் நிலைபேற்றுக்குக் கல்லையும் எடுத்துக்காட்டுதல் தமிழர் வழக்கு. மனித வாழ்நாளை அளவுகோலாகக் கொள்வார்க்கு இது பொருந்துவதே. கோடியாண்டுகளால் அளந்து நோக்கும் புவிச்சரிதவியலார்க்கோ கல்லும் மாறுவதே, மாறிக்கொண்டே இருப்பதுமாம்.

இவ்வுண்மையை முறைப்பட எடுத்துரைத்தவர் ஸ்கொத்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் ஹற்றன் (1726–1797). நிலம் மழையாலும் ஆற்றாலும் தேய்கின்றது. தேய்ந்த பொருள் கடலடியிற் படிகின்றது. படிந்தது இறுகிக் கல்லாகின்றது. அக்கல் புவியின் உள்வெப்பத்தால் உயர்த்தப்பட்டு மீண்டும் நிலமாகின்றது என 1785 ஆம் ஆண்டிலே எடின்பரோ அரச கழகத்தின் முன் அவர் விளக்கினார்.

உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகுவதனால் தீப்பாறையும், படிவுகள் இறுகுவதனால் அடையற்பாறையும், இவ்விரண்டும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருகாமலே இயல்பு திரிவதனால் உருமாறிய பாறையும் தோன்றும் என்பதை மாணாக்கர் அறிவர். பாடநூல்கள் இதனை வட்டமாக வரைந்து காட்டுகின்றன. ஆயின் கற்கள் யாவும் அவ்வட்டத்தை ஒரே ஒழுங்கில் சுற்றிவருகின்றன என மயங்குதல் கூடாது. தீப்பாறை நேரே உருமாறலாம். அடையற்பாறை உருமாறாமலே தேய்ந்து மீண்டும் அடையலாகலாம்.

இலங்கையின் இருவகைச் சுண்ணக்கற்களை ஒப்புநோக்கின் இது தெளிவாகும். கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் காணப்படுவது பளிங்குருவான சுண்ணக்கல். அதன் மணிகள் வெறுங் கண்ணுக்கே மினுமினுக்கும்; சிப்பியின் சுவடு ஒன்றேனும் அதிற் காணப்படாது. ஆதியில் அதுவும் கடலடியிற் படிந்த சுண்ணாம்பே. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிய காலத்தில், பல கிலோமீற்றர் ஆழத்திற் புதையுண்டு, 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அது உருமாறியது. மேலிருந்த பாறை முழுவதும் தேய்ந்தொழிந்த பின்னரே அது வெளிப்பட்டது. அவ்வாறு மலைநாட்டிலே தேய்ந்த பாறைகளின் எச்சந்தான் இரத்தினபுரியில் மணிக்கற்களைத் தாங்கி நிற்கும் ‘இல்லம்’ எனும் சரளைப்படை.

இப்பளிங்குருச் சுண்ணக்கல்லை ஆராய்ந்து 1902 இற் கட்டுரை வெளியிட்டவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய ஆனந்த குமாரசுவாமி. கலை ஆராய்ச்சியாற் பெரும்புகழ் எய்திய அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராயிருந்தவர் என்பதை இன்று நினைப்பார் சிலரே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் வயதில் மிக இளையது. மயோசீன் காலத்தில், அஃதாவது இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலிலே வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து அது உண்டாயிற்று. கிணறு வெட்டும்போது எடுத்த கல்லை உற்றுநோக்கின் அவ்வோடுகளின் அச்சைக் காணலாம்.

இக்கல் இப்பொழுதே கரைந்துகொண்டிருக்கின்றது. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லிலுள்ள கல்சியங் காபனேற்றை, நீரிற் கரையும் இருகாபனேற்றாக மாற்றுகின்றது. கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியிற் படியும் வெண்படை, கரைந்த அக்கல்லே மீண்டும் கல்லானதாகும். ஆய்கூடத்தை நாடாது அடுக்களையிலேயே காணத்தக்க பரிசோதனை இது. வலிகாமத்துச் செம்மண்ணோ கல் கரைந்தபின் கரையாது எஞ்சிய களியும் இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகின்றது.

கரைவதனால் வெடிப்புகள் அகன்று குகைகளாகின்றன. குகையின் கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டானது நிலாவரைக் கிணறு. கடலோரத்துக் கீரிமலையில் நன்னீர் ஊறுவதும் இத்தகைய நிலக்கீழ் வழிகளாலேயே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில் மக்கள் வாழ முடிந்தது, இக்கல் மாரிமழையை உள்வாங்கித் தேக்கி வைப்பதனாலன்றோ!

ஆயினும் அந்நீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையே. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். இக்கணக்கின் மறுபுறமே அஞ்சத்தக்கது. இறைப்பினால் நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையே நீடிப்பின், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இறைப்புக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. மேலும், மணலில் ஊறுவதுபோல வடிகட்டப்படாது வெடிப்புகளூடே நீர் விரைந்து செல்வதனால், தோட்டத்திலிட்ட உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் குழியின் கழிவும் அயற்கிணற்றை எளிதில் அடைகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன.

காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லையே சூளையிலிட்டது. இயற்கை வேறிடத்தில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பமூட்டித் திரித்த அதே வகைப் பொருளை, மனிதன் நிலத்தின் மேலேயே எரித்து, அதனுட் பூட்டியிருந்த காபனீரொட்சைட்டை ஒருசில மணிநேரத்தில் வளியிற் சேர்த்தான். அகழ்ந்த குழிகள் எஞ்சின. அவற்றின் சுவரில் ஒழுகும் மழைநீர் இன்றும் கல்லைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுசெல்கின்றது. அக்கரைசலிலிருந்து சிப்பியும் முருகையும் தமக்குரிய ஓடுகளை ஆக்கிக்கொள்கின்றன.